வெப்பமும் வெளிச்சமும்: ரொறன்ரோவில் ஒரு தோட்டக் கழகத்தின் ஆண்டு

ஸ்காபுறோவின் வீட்டு வேலிகளிலும் சமூகத் தோட்டங்களின் பந்தல்களிலும் ஓகஸ்ட் மாதத்தில் அவரைக் கொடிகளைக் காணலாம். தண்டு தடித்து, இலை அடர்ந்து, கொடி பந்தலை முழுவதும் மூடி நிற்கும். ஆனால் ஒரு பூவும் இராது. செப்டெம்பர் பிற்பகுதியில்தான் பூங்கொத்துகள் தலைகாட்டும். பிஞ்சு பிடிக்கும் வேளையில் ஒக்டோபர் மாதத்து உறைபனி வந்து ஒரே இரவில் கொடியைக் கருக்கிவிடும். ஊரில் பல்லாண்டு காலம் தோட்டம் செய்து பழகிய ஒருவருக்கு இது பெரும் ஏமாற்றமாகும். "இந்த மண்ணில் ஒன்றும் விளையாது" என்று முடிவுகட்டி, மறு ஆண்டு மண்வெட்டியைத் தொடாமலே விட்டுவிடுபவர்களும் உண்டு.

குற்றம் மண்ணிலும் இல்லை, பயிரிட்டவரின் கையிலும் இல்லை. அவர் கற்ற வேளாண்மை பிழையானதன்று. அந்த அறிவுடன் இணைந்திருந்த நாட்காட்டிதான் இந்த நிலத்துக்குப் பொருந்தவில்லை. அந்த நாட்காட்டியைப் புதிதாக எழுதிக்கொள்வதே ரொறன்ரோவில் இயங்கும் ஒரு தோட்டக் கழகத்தின் முதன்மையான பணி. தனியொருவர் தம் தவறுகளிலிருந்து கற்பதற்குப் பத்து ஆண்டுகள் வேண்டும். இருபது பேர் கூடிக் கற்றால் ஓரிரு ஆண்டுகள் போதும்.

தோட்டமும் கழகமும்

ரொறன்ரோ மாநகரில் பொது நிலத்தில் பயிர் செய்வதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, ஒதுக்கீட்டுத் தோட்டம். இதில் ஒருவருக்கோ ஒரு குடும்பத்துக்கோ ஒரு நிலத்துண்டு, கட்டணத்துடன் கூடிய அனுமதியின் பேரில், பயிர்ப் பருவத்துக்கென வழங்கப்படும். இவற்றை நாடுவோர் பலராதலால் காத்திருப்போர் பட்டியல் இருப்பது வழக்கம். இரண்டாவது, சமூகத் தோட்டம். பூங்காவிலோ வேறு பொது இடத்திலோ உள்ள நிலத்தைத் தன்னார்வலர் குழுவொன்று கூட்டாகப் பராமரிக்கும்.

இரண்டு வகைத் தோட்டங்களிலும் கழகம் என்ற அமைப்புப் பயன்படுகிறது. மண்வெட்டி, கைவண்டி, நீர்க்குழாய் ஆகியவற்றை ஒருமுறை வாங்கிப் பலர் பயன்படுத்தலாம். ஒருவர் வெளியூர் செல்லும்போது மற்றொருவர் நீர் ஊற்றுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, பனிக்காலத்தில் கூடிப் பேசித் திட்டமிடலாம். இங்கே தோட்டம் உறங்கும் மாதங்களே திட்டமிடுவதற்குரிய மாதங்கள்.

முதற்பாடம்: மண்ணின் வெப்பம்

ஏப்ரல் மாதத்தில் சில நாட்கள் வெயில் நன்றாக எறிக்கும். குளிர்மேலங்கி இல்லாமல் வெளியே நடக்கலாம். அந்த வெயிலை நம்பிக் கத்தரி, மிளகாய் நாற்றுகளை நடுவதே புதிதாகத் தோட்டம் தொடங்குவோர் செய்யும் முதல் தவறு. காற்று ஒரே நாளில் சூடாகும்; மண் சூடாக வாரங்கள் ஆகும். ஸ்காபுறோவின் பல பகுதிகளில் காணப்படும் களிமண் நீரைப் பிடித்துவைத்திருப்பதால் இன்னும் மெதுவாகவே வெப்பமடையும்.

பயிர்கள் மண்ணின் வெப்பத்தையே கணக்கில் எடுக்கின்றன. பட்டாணி 5 பாகை செல்சியஸ் அளவிலும் முளைக்கத் தொடங்கும். வெண்டை விதைக்கு ஏறத்தாழ 18 பாகையாவது வேண்டும். அதற்குக் கீழே குளிர்ந்த ஈர மண்ணில் கிடந்தால் முளைக்காமல் அழுகிப்போகும். இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கினால் கத்தரி நாற்று உயிர் தப்பினாலும் வளர்ச்சி குன்றிவிடும். மே தொடக்கத்தில் நடப்பட்டுக் குளிரில் வாடிய நாற்றை, ஜூன் தொடக்கத்தில் நடப்பட்ட நாற்று முந்திக்கொண்டு வளர்வதைப் பல தோட்டங்களில் காணலாம்.

ஆகையால் இங்குள்ள தோட்டக்காரர்கள் மே 25ஆம் தேதிக்கு முந்திய திங்கட்கிழமை வரும் விக்டோரியா தின வாரஇறுதியை எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். குளிர் தாங்காத பயிர்களை அதற்குப் பின்னரே வெளியில் நடுவது வழக்கம். ஒன்ராறியோ ஏரிக்கு அண்மையில் உள்ள இடங்களில் உறைபனி சற்று முன்னதாக விலகிச் சற்றுத் தாமதமாக வரும். ஏரியிலிருந்து வடக்கே விலகிச் செல்லச் செல்ல இந்த இடைவெளி சுருங்கும். மண்ணில் குத்தி அளக்கும் வெப்பமானி ஒன்றைக் கழகம் வாங்கிவைத்திருந்தால் ஊகத்துக்கு இடமில்லை. காலையில், 10 சென்றிமீற்றர் ஆழத்தில், சில நாட்கள் தொடர்ந்து அளந்து பார்ப்பது நல்லது.

இரண்டாம் பாடம்: பகலின் நீளம்

வெப்பத்தைப் பற்றி அயலவர்கள் எவரும் சொல்லித்தருவார்கள். பகலின் நீளத்தைப் பற்றி எச்சரிப்பவர்கள் குறைவு. தமிழ்க் குடும்பங்கள் விரும்பும் பயிர்களுக்கோ அதுவே பெருந்தடையாக அமைகிறது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 11½ மணித்தியாலத்துக்கும் 12¾ மணித்தியாலத்துக்கும் இடையிலேயே இருக்கும். ரொறன்ரோவிலோ டிசம்பரில் 9 மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவாக இருக்கும் பகல், ஜூன் பிற்பகுதியில் ஏறத்தாழ 15½ மணித்தியாலமாக நீளும். பல பயிர்கள் இரவின் நீளத்தைக் கொண்டே பூக்கும் காலத்தை அறிந்துகொள்கின்றன.

மரபான கொடி அவரை, பகல் குறுகிய பின்னரே பூக்கும் இயல்புடையது. ஊரில் மாரி காலத்துப் பகல் அதற்குப் பொருத்தமாக இருப்பதால் மார்கழி, தை மாதங்களில் காய்த்துக் குலுங்கும். ரொறன்ரோவில் பகல் ஏறத்தாழ 12 மணித்தியாலமாகக் குறைவது செப்டெம்பர் பிற்பகுதியில். அதற்குப் பிறகு பூத்துக் காய்ப்பதற்குக் கொடிக்கு மூன்று வாரங்கூடக் கிடைப்பதில்லை. எவ்வளவு பசளை இட்டாலும், எவ்வளவு முன்கூட்டி விதைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மிகையான பசளை இலையையே பெருக்கும். சிறகவரையின் நிலையும் இதுவே. பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரை வகைகளைத் தேடிப் பெறுவதே இதற்குத் தீர்வு. இரவு முழுவதும் எரியும் வாசல் விளக்குக்கு அருகில் அவரையை நடாமல் இருப்பதும் நல்லது. அந்த வெளிச்சம் பூப்பதை இன்னும் தாமதப்படுத்தும்.

வெங்காயத்தில் இதே காரணம் எதிர்த் திசையில் வேலை செய்கிறது. வெப்ப நாடுகளுக்குரிய வெங்காய வகைகள், பகல் 12 மணித்தியாலத்தை அண்மித்ததும் குமிழ் கட்டத் தொடங்கும். ரொறன்ரோவில் ஏப்ரல் நடுப்பகுதியிலேயே பகல் 13 மணித்தியாலத்தைத் தாண்டிவிடுகிறது. எனவே அந்த வகைகள் நான்கைந்து இலைகள் விட்டதும் அவசரப்பட்டுச் சிறு குமிழ் கட்டி நின்றுவிடும். 14 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பகலில் குமிழ் கட்டும் நெடும்பகல் வகைகளை வாங்கினால், அவை ஜூன் வரை இலைகளை வளர்த்துப் பிறகு பெருங்குமிழ் கட்டும். கொத்தமல்லியும் பசளிக்கீரை போன்ற இலையுடைய ஸ்பினாச்சும் நீண்ட பகலிலும் வெப்பத்திலும் விரைவாகப் பூத்து முற்றிவிடுவதால், அவற்றை வசந்தத் தொடக்கத்திலோ இலையுதிர்காலத்திலோ பயிரிடவேண்டும்.

கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவை பகலின் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அவற்றுக்கு வேண்டியது வெப்பம் மட்டுமே. புதிதாகத் தொடங்குவோருக்கு இவை நம்பிக்கையூட்டும் பயிர்கள்.

கழகத்தின் ஆண்டுத் திட்டம்

*ஜனவரி முதல் மார்ச் வரை.* உறுப்பினர்கள் நூலகத்திலோ சமூக நிலையத்திலோ கூடிச் சென்ற ஆண்டின் குறிப்புகளைப் பார்வையிடுவார்கள். யார் எதைப் பயிரிடுவது, பொதுப் பாத்தியில் என்ன விதைப்பது என்பவை முடிவாகும். 1990இல் வான்கூவரில் தொடங்கிக் கனடா முழுவதும் பரவிய "விதைச் சனிக்கிழமை" நிகழ்வுகள் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பல ஊர்களில் நடைபெறுகின்றன. இந்நிலத்தில் எடுத்த விதைகளை அங்கே பெறலாம். வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவர எண்ணுவோர் கனடிய உணவுப் பரிசோதனை முகமையின் விதிகளை முன்கூட்டியே அறிந்துகொள்ளவேண்டும். கொண்டுவரும் விதையை எல்லையில் அறிவிப்பது கட்டாயம். மார்ச் தொடக்கத்தில் மிளகாயையும், மார்ச் நடுப்பகுதியில் கத்தரியையும் வீட்டுக்குள் நாற்றுக்கு விதைக்கலாம். சன்னல் வெளிச்சம் மட்டும் போதாது. நாற்றுகளுக்குச் சற்று மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டால் அவை மெலிந்து நீளாமல் உறுதியாக வளரும்.

*ஏப்ரல், மே.* உறைந்த மண் இளகி, கையில் பிடித்தால் உதிரும் பதம் வந்ததும் பாத்திகளில் கூட்டெரு இடும் பொது வேலைநாள் வரும். ஈரக் களிமண்ணை மிதித்தாலோ கொத்தினாலோ அது கட்டியாக இறுகிவிடும். பட்டாணி, முள்ளங்கி, வெந்தயம், கொத்தமல்லி, வெங்காயம் ஆகியவை ஏப்ரலில் வெளியில் விதைக்கவும் நடவும் ஏற்றவை. ஏப்ரல் இறுதியில் புடலை, பாகல், வெண்டை ஆகியவற்றை வீட்டுக்குள் சிறு சாடிகளில் விதைக்கலாம். அதற்கு முன்னர் விதைத்தால் நடுவதற்கு முன்பே வேர் சாடியைச் சுற்றிக்கொள்ளும். நடுவதற்கு முந்திய ஒரு வாரமோ பத்து நாட்களோ நாற்றுகளை வெளிக்காற்றுக்குப் பழக்கவேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம் வைத்து, நாள்தோறும் நேரத்தையும் வெயிலையும் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை.

*ஜூன், ஜூலை.* கத்தரி, மிளகாய், கொடிப் பயிர்கள் எல்லாம் நிலத்தில் இருக்கும். முளைக்கீரையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைத்துவந்தால் கோடை முழுவதும் கறிக்குக் கிடைக்கும். வாரத்துக்கு 2 முதல் 3 சென்றிமீற்றர் அளவு நீர் தேவை. காலையில் செடியின் அடியில் ஊற்றி, வைக்கோல் மூடாக்கு இடுவதால் ஈரம் காக்கப்படும். ஒன்ராறியோவில் அழகுக்காகவும் வீட்டுத் தோட்டங்களிலும் பயன்படும் பல இரசாயனப் பூச்சிநாசினிகளுக்கு 2009 முதல் தடை உள்ளது. எனவே பீடைகளைக் கண்ணும் கையும் கொண்டே கட்டுப்படுத்தவேண்டும். கத்தரி இலையின் அடியில் செம்மஞ்சள் நிற முட்டைக் கூட்டங்கள் தென்பட்டால் அவை உருளைக்கிழங்கு வண்டுடையவை, நசுக்கிவிடலாம். கோடுகளுள்ள வண்டுகளைச் சவர்க்கார நீரில் உதிர்த்துவிடலாம். பூசணித் தண்டின் அடியில் மரத்தூள் போன்ற கழிவு காணப்பட்டால் தண்டுக்குள் புழு புகுந்துவிட்டது என்பது பொருள்.

மகரந்தச் சேர்க்கையும் இக்காலத்தில் கவனிக்கவேண்டியது. பூசணிப் பூக்களைத் தேனீக்கள் விடியற்காலையில் நாடும். புடலையின் வெண்பூ மாலையில் விரிந்து இரவுப் பூச்சிகளை எதிர்பார்க்கும். பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தால், மாலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவிவிட்டால் காய் பிடிக்கும்.

*ஆடிப்பட்டம்.* ஆடியில் தேடி விதைக்கும் வழக்கத்துக்கு ரொறன்ரோவிலும் இடமுண்டு, பயிர்கள்தாம் வேறு. ஜூலை நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் நடுப்பகுதி வரை கரட், பீட்ரூட், கேல் கீரை, முள்ளங்கி ஆகியவற்றை விதைத்தால் இலையுதிர்காலத்தில் இரண்டாம் விளைச்சல் கிடைக்கும். கரட்டும் கேலும் இலேசான உறைபனியைத் தாங்குவதோடு, குளிரில் இனிப்பும் கூடப் பெறும். உள்ளியைக் கிளறி எடுத்த பாத்தி ஜூலையில் வெறுமையாகிவிடும். அதுவே இந்த ஆடிப்பட்டத்துக்கு ஏற்ற இடம்.

*செப்டெம்பர் முதல் டிசம்பர் வரை.* இரவு வெப்பம் 10 பாகையை நெருங்கியதும் சாடியில் வளரும் கறிவேப்பிலையை வீட்டுக்குள் கொண்டுவரவேண்டும். கொண்டுவருமுன் இலைகளின் அடிப்பகுதியைக் கழுவினால் பூச்சிகள் உடன்வருவது குறையும். உறைபனி அறிவிப்பு வந்த மாலையில் மிளகாய், கத்தரி, பச்சைத் தக்காளி எல்லாவற்றையும் பறித்துவிடலாம். மிகுதியாகும் மரக்கறியை அயலிலுள்ள உணவு வங்கிக்குக் கொடுக்கும் ஒழுங்கை முன்கூட்டியே பேசி வைத்திருப்பது நல்லது. ஒக்டோபர் நடுப்பகுதி உள்ளி நடும் காலம். பல்லின் கூர்முனை மேல்நோக்க 5 சென்றிமீற்றர் ஆழத்தில் நட்டு, உதிர்ந்த இலைகளால் மூடிவிட்டால், பனிக்காலக் குளிரை உள்வாங்கி மறு ஜூலையில் முழு உள்ளியாக விளையும். மற்றப் பாத்திகளுக்கும் இலைகளே போர்வை.

மண்ணைப் பற்றிய ஓர் எச்சரிக்கை

நகர மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய வீடுகளின் வண்ணப்பூச்சிலிருந்தும், 1990 வரை கனடாவில் வாகனங்களுக்குப் பயன்பட்ட ஈயம் கலந்த பெற்றோலின் புகையிலிருந்தும் சேர்ந்த ஈயம் மண்ணை விட்டு நீங்குவதில்லை. சிறு குழந்தைகளுக்கு அது மிகவும் தீங்கானது. பெருந்தெருவின் ஓரம், பழைய வீட்டுச் சுவரின் அடி, முன்னர் தொழிற்சாலை இருந்த இடம் ஆகியவற்றில் பயிரிடுமுன் மண்ணை ஆய்வுகூடத்தில் பரிசோதிப்பது முறை. ஐயம் இருந்தால் தூய மண் நிரப்பிய உயர்பாத்தியே பாதுகாப்பானது. பாத்தி கட்டுவதற்குப் பழைய சிலிப்பர் கட்டைகளைப் பயன்படுத்தக்கூடாது. அவற்றில் ஊறிய இரசாயனம் மண்ணில் இறங்கும்.

ஈயம் பெரும்பாலும் காய்க்குள் செல்வதைவிட, இலையிலும் கிழங்கிலும் ஒட்டிய மண்ணாகவே உடலுக்குள் செல்கிறது. ஆகவே கீரையைப் பலமுறை அலசுவதும், கிழங்கின் தோலைச் சீவுவதும், தோட்டத்திலிருந்து வந்ததும் கை கழுவுவதும் வழக்கமாக வேண்டும்.

மூத்தோரும் குறிப்பேடும்

கழகத்தில் மூத்தோருக்குத் தனி இடம் உண்டு. கன்று வாடுவதைக் கண்டவுடன் காரணம் சொல்பவர்களும், விதையைக் கையில் எடுத்ததும் தரம் அறிபவர்களும் அவர்களே. பந்தல் கட்டும் கைத்திறனும் அவர்களிடமே உள்ளது. நாட்காட்டி மட்டுமே அவர்களுக்குப் புதிது. அதை விளக்க ஆளில்லாதபோது அவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். நீண்ட பனிக்காலத்தில் வீட்டுக்குள் அடைந்திருக்கும் ஒருவருக்குக் கோடையிலும் வெளியே செல்லக் காரணம் இல்லாமற்போகிறது. இழப்பு அவருக்கு மட்டுமன்று. அவர் அறிந்தவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டிய இளையோருக்குந்தான். இடுப்பளவு உயரத்தில் சில பாத்திகளையும், நிழலில் ஓரிரு இருக்கைகளையும், சக்கர நாற்காலி செல்லும் அகலத்தில் ஒரு பாதையையும் அமைப்பது கழகத்துக்குப் பெருஞ்செலவாகாது.

கழகத்தின் மிகப் பெறுமதியான உடைமை ஒரு குறிப்பேடாகும். எந்த வகை, விதைத்த நாள், நட்ட நாள், முதற் பூ, முதற் காய், கடைசி உறைபனி, முதல் உறைபனி என ஏழு விவரங்கள் போதும். மூத்தவர் சொல்ல, பேரப்பிள்ளை எழுதலாம். மூன்று ஆண்டுகளில் அது அந்த இடத்துக்கே உரிய பஞ்சாங்கமாகிவிடும். தோட்டத்தில் எல்லாருக்கும் முன்னதாகக் காய்த்த செடியின் விதையை ஆண்டுதோறும் எடுத்து வைத்தால், காலப்போக்கில் இந்நிலத்துக்கு இசைந்த விதையும் கழகத்தின் கையில் சேரும்.

சேர விரும்புவோருக்கு

ஒதுக்கீட்டுத் தோட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முறை, அருகிலுள்ள சமூகத் தோட்டங்கள், கட்டணம் ஆகியவற்றை ரொறன்ரோ மாநகரத்தின் 311 என்ற தொலைபேசி எண்ணில் கேட்டறியலாம். அழைத்தவுடன் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் எனக் கூறினால் போதும். ஒதுக்கீட்டு நிலத்துக்காகக் காத்திருக்கும் காலத்தில் சமூகத் தோட்டத்தின் பொது வேலைநாட்களில் கலந்துகொள்ளலாம். முன் அனுபவம் தேவையில்லை. மூடிய காலணியும், தொப்பியும், ஒரு போத்தல் குடிநீரும் போதும்.

வேலியோரத்தில் பூக்காத அவரை நிற்கும் வீட்டார் எவரேனும் அயலில் இருந்தால், அவரையும் அழைத்து வருவது நல்லது. அவருடைய கொடி ஏன் பூக்கவில்லை என்பதைக் கழகம் விளக்கும். பந்தல் கட்டும் முறையைக் கழகம் அவரிடம் கற்றுக்கொள்ளும்.